மாடித்தோட்டத்தில் பழைய பொருட்கள்: எதை வைத்துக்கொள்வது, எதைக் கடைக்குப் போடுவது?

கேள்வி: மாடிவீட்டுப் பெண், திருச்சி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கத்தரி, தக்காளி, வெண்டை, கீரை வகைகள் ஆகியவற்றை வளர்க்கத் தொடங்கியிருக்கிறோம். தொட்டிகளையும் வளர்ப்புப் பைகளையும் விலை கொடுத்து வாங்காமல், வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் பொருட்களைக் கொண்டே தோட்டத்தை அமைக்க வேண்டும் என்பது என் மாமியாரின் விருப்பம். எனக்கும் அதில் முழு உடன்பாடு உண்டு. 25 கிலோ அரிசிப் பைகள், வீட்டுக்கு வண்ணம் அடித்தபோது மிஞ்சிய பெயிண்ட் வாளிகள், நிறையத் தண்ணீர் பாட்டில்கள், தேங்காய் மட்டை, கொட்டாங்குச்சி, பழைய பருத்திப் புடவைகள், இரண்டு ஸ்கூட்டர் டயர்கள் ஆகியவை எங்களிடம் இருக்கின்றன. அவற்றோடு அன்றாடம் சேரும் காய்கறிக் கழிவும் முட்டை ஓடும் உண்டு.

காணொளிகளைப் பார்த்தால், கையில் கிடைக்கும் எதையும் தொட்டியாக்கலாம், அடுப்படியில் மிஞ்சும் எதையும் உரமாக்கலாம் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. நாங்கள் சாப்பிடப் போகும் காய்கறியை இவற்றில் வளர்ப்பது பாதுகாப்பானதா? இன்று தொட்டியாக்கும் பொருள் அடுத்த ஆண்டு உடைந்து போனால், முன்பைவிட மோசமான குப்பையாக அது மாறிவிடாதா? அனுபவம் உள்ளவர்கள் ஒவ்வொரு பொருளாகச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில் 1: செம்மண் தொட்டி, மதுரை

வணக்கம் அம்மா. கொள்கலன்களைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். உரம் தயாரிப்பதை என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

ஒரு பொருள் தொட்டியாக உதவுமா என்பதை அதன் வடிவத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அது எதனால் ஆனது, நம் ஊர் வெயிலில் என்ன ஆகும், அதற்குள் முன்பு என்ன இருந்தது என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். அரிசிப் பையையே எடுத்துக்கொள்ளுங்கள். பாலிப்ரொப்பிலீன் நாடாக்களை நெய்து அந்தப் பையைச் செய்கிறார்கள். கிடங்கிலும் கடையிலும் நிழலில் இருப்பதற்காகச் செய்யப்பட்டது என்பதால், வெயிலைத் தாங்குவதற்கான சேர்மானம் அதில் பெரும்பாலும் இருப்பதில்லை. மொட்டைமாடியில் வைத்தால் புற ஊதாக் கதிர் பட்டுச் சில மாதங்களிலேயே இழைகள் இற்று, தூக்கும்போது அடிப்பாகம் கையோடு கிழிந்து வந்துவிடும். அதைவிடக் கவலைக்குரியது, உதிரும் இழைத்துகள் மண்ணோடு கலந்துவிடுவதுதான். கலந்த பிறகு அதைப் பிரித்தெடுக்க வழியே இல்லை. மழை பெய்தால் மாடியின் வடிகுழாய் வழியாகத் தெருச் சாக்கடைக்கும் போய்ச் சேரும். ஆகவே அரிசிப் பையை வெயிலில் வைக்காதீர்கள். படிக்கட்டின் அடியில் காய்ந்த இலைகளைச் சேர்த்து வைக்கவும், மண் கலவையை மூட்டை கட்டி வைக்கவும் அது மிக நன்றாக உதவும். சணல் கோணிப்பை கிடைத்தால் அதில் தாராளமாகச் செடி வைக்கலாம். அதுவும் இற்றுப்போகும் என்றாலும், மட்கி மண்ணாகிவிடும்.

பெயிண்ட் வாளி உறுதியானது, ஆழமும் போதுமானது. தண்ணீரில் கரையும் எமல்ஷன் இருந்த வாளியா, எண்ணெய் கலந்த எனாமல் இருந்த வாளியா என்று முதலில் பாருங்கள். எனாமல் இருந்ததையும், பல ஆண்டுகளாகப் பரணில் கிடந்த பழைய வாளிகளையும் காய்கறிக்குப் பயன்படுத்த வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் என்ன இருந்தது என்று நாம் பார்த்துச் சொல்ல முடியாது. அண்மையில் வாங்கிய எமல்ஷன் வாளியானால், ஒட்டியிருக்கும் படலத்தை முற்றிலும் உரித்து, சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகு பயன்படுத்தலாம். அப்போதும் நான் அதில் செம்பருத்தி, மல்லிகை போன்ற பூச்செடிகளையே வைப்பேன். பூச்சிக்கொல்லி, கழிப்பறை அமிலம் இருந்த கலன்களை எவ்வளவு கழுவினாலும் தோட்டத்துக்குள் கொண்டுவரவே கூடாது. எண்ணெய்க் கேன், மாவு டப்பா, பழைய குளியல் வாளி, உடைந்த பிளாஸ்டிக் குடம் ஆகியவை பெயிண்ட் வாளியைவிடச் சிறந்தவை.

கீரைக்கு அரை அடி ஆழம் போதும். தக்காளிக்கும் கத்தரிக்கும் ஓர் அடியாவது வேண்டும். துளைகளை அடிப்பாகத்தில் மட்டும் இடாமல், பக்கச் சுவரிலும் அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் மூன்று நான்கு இடுங்கள். அடித்துளை வேரால் அடைபட்டாலும் நீர் வடிந்துவிடும். தளத்தில் நேரடியாக வைக்காமல் இரண்டு செங்கற்களின் மேல் வைத்தால் மாடியில் ஈரம் ஊறாது. மாமியாரிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: பருத்திப் புடவையைத் தொட்டியாக்கப் பார்க்க வேண்டாம். இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து வைத்துக்கொண்டால், தக்காளியையும் அவரையையும் குச்சியோடு கட்டுவதற்கு அதைப்போல் தண்டை அறுக்காத கயிறு வேறு கிடைக்காது.

பதில் 2: மட்கு உரம், கோயம்புத்தூர்

செம்மண் தொட்டி அவர்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நான் சமையலறைக் கழிவைப் பற்றி எழுதுகிறேன். ஒரு வீட்டிலிருந்து வெளியேறும் குப்பையில் எடையில் மிகுதியானது பெரும்பாலும் அதுதான் என்பதால், சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

காய்கறித் தோலையும் பழத்தோலையும் நேரடியாகத் தொட்டியில் புதைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அவை அழுகும்போது வெப்பமும் அமிலமும் உண்டாகி இளவேர்களைப் பாதிக்கும். எறும்பும் எலியும் வரும். தனியே ஒரு பெரிய மண்பானையிலோ, பக்கங்களில் துளையிட்ட மூடியுள்ள வாளியிலோ மட்கவைத்த பிறகே செடிக்கு இட வேண்டும். மட்கச் செய்யும் நுண்ணுயிரிகளுக்குக் கரியும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஏறத்தாழ 25 முதல் 30 பங்குக்கு ஒரு பங்கு என்ற அளவில் தேவைப்படுகின்றன. காய்கறிக் கழிவில் தழைச்சத்து கூடுதல், காய்ந்த இலையிலும் தாளிலும் தேங்காய் நாரிலும் கரி கூடுதல். நடைமுறையில், ஒரு கை காய்கறிக் கழிவு போட்டால் அதன் மேல் இரண்டு கை காய்ந்த இலையைப் போட்டு மூடுங்கள். காய்ந்த இலை கிடைக்காத நாட்களில் செய்தித்தாளைக் கிழித்துப் போடலாம். பளபளப்பான விளம்பரத் தாளும் பிளாஸ்டிக் நாடா ஒட்டிய அட்டைப்பெட்டியும் வேண்டாம்.

பானையில் கோளாறு இருந்தால் அதன் மணமே காட்டிக்கொடுத்துவிடும். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வந்தால் காய்கறிக் கழிவு மிகுந்துவிட்டது, காய்ந்த இலையைக் கூட்ட வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்றில்லை, கிளறிவிட வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரண்டு சொட்டு நீர் வரலாம். ஒழுகினால் ஈரம் அதிகம். தொடக்கத்தில் கொஞ்சம் புளித்த மோரோ பழைய மட்கு உரமோ சேர்த்தால் வேலை விரைவாகத் தொடங்கும். வெளிர் நிறத்தில் தட்டையான புழுக்கள் தோன்றினால் அஞ்ச வேண்டாம். அவை கருப்புப் படைவீரர் ஈயின் புழுக்கள், நோய் பரப்புவதில்லை, கழிவை மிக வேகமாகத் தின்று தீர்க்கும். இரண்டு மூன்று மாதங்களில் கருமையாக, மழை பெய்த மண்ணின் மணத்தோடு உரம் கிடைக்கும். ஊறுகாய், உப்புப் போட்ட குழம்பு, வறுத்த எண்ணெய், மீன் முள், இறைச்சி ஆகியவற்றை இதில் சேர்க்காதீர்கள்.

முட்டை ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் ஏறத்தாழ 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட்தான். கையால் நொறுக்கித் தொட்டியில் தூவினால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். அமிலத்தன்மை உள்ள மண்ணில்தான் அது கரையும். நம் பகுதிகளில் மண்ணும் கிணற்றுநீரும் பெரும்பாலும் காரத்தன்மை உடையவை. தக்காளியின் அடிப்பாகம் கறுத்து அழுகினால் முட்டை ஓடு போடச் சொல்கிறார்கள். அந்த அழுகல், செடி கால்சியத்தைக் காய் வரை கொண்டுசேர்க்க முடியாததால் வருவது. பெரும்பாலான தொட்டிகளில் அதற்குக் காரணம் ஒருநாள் காயவிட்டு மறுநாள் மூழ்கடிப்பதுபோல் நீர் ஊற்றுவதுதான். சீராக நீர் விட்டால் அடுத்து வரும் காய்கள் தேறிவிடும். ஓட்டை வீணாக்க வேண்டியதில்லை. காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து, மட்குப் பானையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவிடுங்கள். விறகுச் சாம்பலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) உண்டு என்பது உண்மை. மிகுந்தால் மண்ணின் காரத்தைக் கூட்டிவிடும் என்பதும் உண்மை. காப்பித்தூள் சக்கையையும் தேயிலைச் சக்கையையும் பாலும் சர்க்கரையும் போகக் கழுவிவிட்டுச் சேர்க்கலாம்.

பதில் 3: தென்னந்தோப்பு, பொள்ளாச்சி

மட்டையைப் பற்றி நான் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. எங்கள் ஊரில் வீட்டைச் சுற்றி அதுதான் இருக்கிறது. கடைகளில் விலைக்கு விற்கும் தென்னை நார்க்கழிவு, மட்டையிலிருந்து நாரைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் தூள்தான். தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும் என்பதால் மொட்டைமாடிக்கு மிகவும் ஏற்றது. மட்டையைச் சிறு துண்டுகளாக நறுக்கித் தொட்டியின் அடியில் இரண்டு அங்குலத்துக்குப் பரப்பினால், ஜல்லி போடும் எடை இல்லாமல் நீர் வடியவும் செய்யும், ஈரத்தை ஓரளவு தாங்கியும் வைக்கும். தோப்பில் நாங்கள் மரத்தைச் சுற்றி அகழி எடுத்து மட்டையைப் புதைக்கிறோம். அதன் பயன் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை நிற்கும்.

புதிய நார்த்தூளை அப்படியே மண்ணில் கலப்பது சரியன்று. அதில் உப்பும் துவர்ப்புப் பொருளும் இருக்கின்றன. நீரில் ஊறவைத்தால் செம்பழுப்பாக இறங்குவது அந்தத் துவர்ப்புத்தான். நிறம் வெளிறும் வரை நாலைந்து முறை ஊறவைத்துப் பிழிய வேண்டும். இன்னொரு குறையும் உண்டு. அதில் கரியும் தழைச்சத்தும் சுமார் 112-க்கு 1 என்ற அளவில் இருப்பதால், மட்கும்போது செடிக்குச் சேர வேண்டிய தழைச்சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும், இலைகள் வெளிறிப்போகும். கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காக இட்டு அந்த விகிதத்தை 24-க்கு 1 வரை இறக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. வீட்டில் அவ்வளவு செய்ய வேண்டியதில்லை. கழுவிய தூளை, மட்கு உரம் அவர்கள் சொன்ன பானையில் காய்ந்த இலைக்குப் பதிலாகப் பாதி அளவுக்குச் சேர்த்துவந்தால், இரண்டும் சேர்ந்தே மட்கிவிடும்.

கொட்டாங்குச்சி எளிதில் மட்காது. கண்ணைத் துளையிட்டு நாற்று வளர்க்கலாம். கத்தரி, மிளகாய் நாற்றுக்கு அளவு சரியாக இருக்கும். நாற்றை எடுத்து நட்ட பிறகு கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்: மாடிவீட்டுப் பெண், திருச்சி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அரிசிப் பைகளை இன்றே நிழலுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். தண்ணீரைப் பற்றியும் கேட்க வேண்டும். அரிசி கழுவிய நீர், ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீர், துணி துவைக்கும் இயந்திரத்தின் நீர் ஆகிய மூன்றையும் செடிகளுக்கு ஊற்றலாமா? கொட்டாங்குச்சியை ஏன் கவிழ்த்து வைக்க வேண்டும் என்பதையும், டயரை என்ன செய்வது என்பதையும் சொல்லுங்கள்.

பதில் 4: ஓய்வுபெற்ற சுகாதாரப் பணியாளர், ஈரோடு

டயரையும் கொட்டாங்குச்சியையும் சேர்த்தே கேட்டுவிட்டீர்கள். நகராட்சியின் சுகாதாரப் பிரிவில் வீடு வீடாகச் சென்று கொசுப்புழு தேடிய எங்களுக்கு இவ்விரண்டும் மிகப் பழக்கமானவை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. கொட்டாங்குச்சி, டயரின் உட்பள்ளம், தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு போன்ற இடங்களில் தேங்கும் தெளிந்த நீரையே நாடுகிறது. முட்டை கொசுவாவதற்கு எட்டுப் பத்து நாட்கள் போதும். நீரைக் கொட்டிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நீர்மட்டத்தை ஒட்டிய சுவரில் அந்தக் கொசு முட்டையிடுகிறது. அந்த முட்டைகள் காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழைநீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே வாரம் ஒருமுறை தட்டுகளைக் கவிழ்த்து, உட்புறத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

டயரைக் கவிழ்க்கலாம், நிமிர்த்தலாம், வண்ணம் பூசலாம்; எப்படி வைத்தாலும் அதன் வளைவுக்குள் எங்காவது நீர் நிற்கும். துளையிட்டாலும் துளைக்குக் கீழே கொஞ்சம் தங்கிவிடும். டயர் ரப்பரில் துத்தநாகமும் வேறு பல சேர்மங்களும் கலந்திருப்பதால் உணவுப் பயிருக்கு அது உகந்ததும் அன்று. பஞ்சர் கடையிலோ புதிய டயர் வாங்கும் கடையிலோ கொடுத்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிட்டால் மிகவும் நல்லது.

நீரைப் பொறுத்தவரை, அரிசி கழுவிய நீரை அன்றே ஊற்றலாம். உரம் என்று சொல்லும் அளவுக்கு அதில் சத்து இல்லை, வீணாகப் போகும் நீர் செடிக்குப் பயன்படுகிறது என்பதே அதன் சிறப்பு. ஆர்.ஓ. இயந்திரம் ஒதுக்கும் நீரில் உப்பு திரண்டிருக்கும். தரையில் உள்ள தென்னைக்கு விடலாம். தொட்டியில் விட்டால் உப்பு அடியில் சேர்ந்து செடி கருகும். அதை வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். துணி துவைத்த நீரில் சோடியம் இருக்கிறது. கொல்லை இருந்தால் வாழைக்கும் கல்வாழைக்கும் பாய்ச்சலாம், நம் வீடுகளில் முன்பிருந்தே அப்படித்தான் செய்தார்கள். மாடித் தொட்டிகளுக்கு அது வேண்டாம்.

பதில் 5: பழைய பொருள் வியாபாரி, சென்னை

நான் காயலான் கடை நடத்துகிறேன். தண்ணீர் பாட்டிலைப் பற்றி இதுவரை யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

பாட்டிலைக் குறுக்கே வெட்டி மண் நிரப்பிச் சுவரில் தொங்கவிடுவதை மறுபயன்பாடு என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள். எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால், நன்றாக விலைபோகும் ஒரு பொருளை விலைபோகாத பொருளாக மாற்றும் வேலை அது. பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கும். முழுதாக, சுத்தமாக வந்தால் அதை உருக்கிப் பாலியெஸ்டர் இழையாக்குகிறார்கள். அதற்கு எப்போதும் ஆள் இருக்கிறது. வெட்டி, வண்ணம் பூசி, மண்ணும் வேரும் ஒட்டி, வெயிலில் இற்றுப்போன பாட்டிலை நாங்கள் எடுப்பதில்லை, எங்களிடமிருந்து வாங்குபவர்களும் எடுப்பதில்லை. அது நேராகக் குப்பைமேட்டுக்குத்தான் போகும். ஆகவே பாட்டில்களைக் கழுவி, நசுக்கி, மூட்டையாகச் சேர்த்துப் போட்டுவிட்டு, அந்தக் காசில் ஒரு நல்ல தொட்டி வாங்குங்கள் அம்மா. நீண்ட நாள் உழைக்கும் கனமான எண்ணெய்க் கேன்களையும் வாளிகளையும் தொட்டியாக்குவதில் தவறில்லை.

பால் கவரையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் தடை செய்யப்பட்டபோதும் பால் கவருக்கு விலக்கு இருந்தது, ஆகவே அது எல்லா வீட்டிலும் சேர்கிறது. மூலையைத் தனியே வெட்டி எடுக்காமல், ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். தனியே விழும் அந்தச் சிறு துண்டை யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது. கவரைக் கழுவித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைத்து, ஒரு கிலோ சேர்ந்ததும் கொண்டுவந்தால் எடைக்கு வாங்குவோம். காயாமல் மூட்டை கட்டினால் நாற்றம் எடுத்து, மற்றவற்றையும் கெடுத்துவிடும். சிப்ஸ் உறை, பிஸ்கட் உறை போன்றவற்றில் பல அடுக்குகள் ஒட்டியிருப்பதால் எங்களால் வாங்க முடியாது. அவற்றை உலர்குப்பையாகத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். குழல்விளக்கில் பாதரசம் இருக்கிறது, அதையும் பழைய பேட்டரியையும் உடைக்காமல் தனியாகக் கொடுங்கள். குப்பையைக் கையால் பிரிப்பவர்களின் கை காயப்படாமல் இருக்க, உடைந்த கண்ணாடியைக் கெட்டியான தாளில் சுற்றி மேலே எழுதிக் கொடுத்தால் நாங்கள் நன்றியோடு இருப்போம்.

பெயிண்ட் வாளியின் அடியில் பெரும்பாலும் 5 என்ற எண் இருக்கும், அரிசிப் பையும் அதே வகைதான். இரண்டையும் பயன்படுத்தித் தீர்த்த பிறகும் எடைக்குப் போடலாம். வாளி வெடித்துவிட்டால் மண்ணையும் வேரையும் உதறிக் கழுவிவிட்டு, இரும்புக் கைப்பிடியைக் கழற்றித் தனியாக எடுத்து வாருங்கள். இரும்புக்கு வேறு விலை. அரிசிப் பை என்றால், அது வெயிலில் இற்றுப்போவதற்கு முன்பே வர வேண்டும்.